மாமன் வைத்த சாவி

அவருக்கு மறதி கிடையாது. அவரைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். இன்றைக்கு டெக்ஸஸில் எந்த ஃப்ரீவேயில் போனாலும் ஏதாவது ஒரு எக்ஸிட்டில் அவருடைய ஹோட்டல் போர்டு தெரியும். ஆனால் அவர் பேர் வாங்கியது கட்டடத்தால் அல்ல, ஞாபகத்தால். ஒருமுறை தங்கிவிட்டுப் போன ஆள் மறுபடியும் வாசலில் வந்து நின்றால், நாம் கம்ப்யூட்டரைத் தட்டுவதற்குள் அவர் அந்த ஆளின் பெயரைச் சொல்லிவிடுவார். பெயருக்குப் பின்னாலேயே தலையணை ஒன்றா இரண்டா, மேல் வரிசை அறையா கீழ் வரிசை அறையா, காபியில் சர்க்கரை உண்டா இல்லையா என்று எல்லாம் வரும்.

நான் என் கண்ணால் பார்த்தது ஒன்று. மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம். தாடி வைத்த ஒரு லாரி டிரைவர் தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். அவருடைய முதல் மோட்டலின் கவுன்ட்டரில் அப்போது நான் இருந்தேன். ஹூஸ்டனிலிருந்து அன்று வந்திருந்த அவர், உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்து அந்த மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, தமிழில், இவருக்கு இறகுத் தலையணை ஆகாது, கண் வீங்கிவிடும், பஞ்சு வைத்தது கொடு என்றார். நாங்கள் அந்த மோட்டலுக்கு வருவதற்கும் முன்னால், ஒரே ஒரு ராத்திரி தங்கிப் போனவராம் அவர். நான் விளக்கிச் சொன்னதும் அந்த ஆறடி மனிதர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். சொந்த அம்மாவே இதை மறந்துவிட்டாள் என்று இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

டிரைவர் போனபின் அண்ணன் என்னிடம் சொன்னார்:

"தலகாணிய ஞாபகம் வெச்சிருந்தாப் போதும் அம்மிணி. ஆளு தானா வருவான்."

எனக்கு அன்று உடம்பு சிலிர்த்தது. இப்போது அதே வாக்கியத்தை நினைத்தால் வேறு மாதிரி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அண்ணன் என்றேன். கூடப் பிறந்தவர் இல்லை. பிளானோவில் ஒரு பள்ளிக்கூடத்துக் கஃபடேரியாவில் நடந்த பொங்கல் விழாவில் கிடைத்த அண்ணன். என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் வேலை போயிருந்தது. கம்பெனி ஒரு தளத்தையே காலி செய்திருந்தது, அதில் இவரும் ஒருவர். தெரிந்தவர்கள் பார்வையில் படாமல் ஒரு மூலையில் உட்கார்ந்து, காகிதத் தட்டில் இருந்த பொங்கலைக் கிளறிக்கொண்டிருந்தோம். எதிரில் வந்து உட்கார்ந்தவர் ஊர் கேட்டார். பொள்ளாச்சிப் பக்கம் என்றேன். என்ன கூட்டம், அதாவது எந்தக் குலம் என்று அடுத்த கேள்வி. எங்கள் பக்கத்து ஆட்கள் எந்த நாட்டில் சந்தித்துக்கொண்டாலும் இந்தக் கேள்வி வந்தே தீரும். சொன்னேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"நானும் அதே கூட்டந்தான். அப்ப நீ எனக்குத் தங்கச்சியல்ல?"

ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் எங்களுக்கு அண்ணன் தங்கைதான், பெண் கொடுத்து எடுக்க மாட்டோம். அந்த நிமிஷத்தோடு எனக்கு அவர் போட்ட 'ங்க' போய் 'நீ' வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மாப்ள ஆனார். ஏழு கடல் தாண்டி வந்து, வேலையும் போய் உட்கார்ந்திருக்கிற ஒருத்திக்கு ஒரு பிறந்த வீடு கிடைத்தது. அழுதுவிட்டேன். பொங்கலில் மிளகு கடித்துவிட்டது என்று சமாளித்தேன்.

அப்போது அவரிடம் இருந்தது ஒரே ஒரு மோட்டல். ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் எனர்ஜி கம்பெனி ஒன்றில் நல்ல உத்தியோகத்தில் இருந்தவர், அதை விட்டுவிட்டுப் பெட்ஷீட் மாற்றப் போய்விட்டார் என்று தமிழ்ச் சங்கத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பிள்ளைகள் 'மோட்டல் அங்கிள்' என்பார்கள். அவருக்கு எல்லாம் காதில் விழும். ஒன்றும் சொல்ல மாட்டார். பிற்பாடு பெரிய ஹோட்டல் திறந்தபோது, சிரித்தவர்களையெல்லாம் ஒருவர் விடாமல் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைத்தார். மறக்கவில்லை என்பதை அப்படியும் காட்டலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அந்த மோட்டல் டாலஸுக்கும் ஹூஸ்டனுக்கும் நடுவில், பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாத ஊரில் இருந்தது. பார்க்கிங்கைப் பார்த்த மாதிரி வரிசையாகக் கதவுகள். முன்னால் ஆபீஸ். ஆபீஸுக்குப் பின்னால் இரண்டு அறையும் ஒரு சமையலறையும். கொஞ்ச நாள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள், மாப்ளைக்கு வேலை கிடைத்ததும் போய்க்கொள்ளலாம் என்றார். மாஸ்டர் சாவியை அவரே என் கையில் கொடுத்தார். பச்சைப் பிளாஸ்டிக் வில்லை கோத்த பித்தளைச் சாவி. பதற்றத்தில் நான் அதைக் கீழே போட்டேன். சிமென்ட் தரையில் பட்டு வில்லையின் ஓரம் உடைந்து தெறித்தது. முதல் நாளே இப்படி ஆயிற்றே என்று நான் நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே, கண்ணேறு கழிந்தது, விடு என்றார்.

தாளிக்கிற வாசனை ஆபீஸுக்கு வந்தால் வெள்ளைக்காரர்கள் முகம் சுளிப்பார்களே என்று நான் முதல் வாரம் பயந்து பயந்து சமைத்தேன். போனில் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னதுதான். அடுத்த தடவை வரும்போது ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேனைக் காரில் போட்டுக்கொண்டு வந்தார். சட்டையைக் கழற்றிவிட்டு, பனியனோடு ஏணியில் ஏறி அவரே மாட்டினார். இனிமேல் கடுகு கருகினாலும் யாருக்கும் தெரியாது என்றார். இப்படி ஒரு மனிதரை எங்கே போய்த் தேடுவது, நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு பழக்கம் உண்டு. போனை அவராக வைக்க மாட்டார். எவ்வளவு அவசரமாக இருந்தாலும், எதிரில் பேங்க் ஆட்கள் உட்கார்ந்திருந்தாலும், "வெச்சரட்டுமா அம்மிணி?" என்று கேட்பார். நான் "வைங்கண்ணா" என்று சொன்ன பிறகுதான் வைப்பார். வீட்டுக்கு வந்த பெண்ணை வாசல்வரை வந்து அனுப்புவது போல அது. அந்த ஒரு கேள்விக்காகவே நான் அவருக்கு இரண்டு ஆள் வேலை பார்த்தேன்.

பாப்பா பிறந்து, அவளுக்குக் காது குத்த வேண்டிய வயது வந்தது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். எனக்கு இருக்கிற ஒரே தம்பிக்கு விசா கிடைக்கவில்லை. தள்ளிப்போடலாம் என்று இருந்தேன். விஷயம் கேள்விப்பட்டு அவர் போன் செய்தார். நான் ஒருத்தன் குத்துக்கல் மாதிரி இங்கே இருக்கும்போது மாமன் இல்லை என்று எப்படிச் சொல்லலாம் என்று கோபித்துக்கொண்டார். கோபித்துக்கொள்ள ஒரு ஆள் இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம்.

விசேஷத்துக்கு முந்தின நாள் வந்தவர், அந்த மாஸ்டர் சாவியை ஒரு நாளைக்குக் கொடு என்று வாங்கிக்கொண்டார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

மோட்டலின் பிரேக்ஃபாஸ்ட் ஹாலில் மேஜைகளை ஒதுக்கிவிட்டுச் சமுக்காளம் விரித்தோம். காப்பெல்லிலிருந்தும் பிளானோவிலிருந்தும் நிறையப் பேர் வந்திருந்தார்கள். தெரிந்த டாக்டர் அம்மா ஒருவர் காது குத்த ஒப்புக்கொண்டிருந்தார். அண்ணன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, சீர்த்தட்டுகளை வரிசையாக வைத்தார். வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு, பச்சைப் பட்டில் பாவாடை, பச்சைக்கல் தோடு. கடைசித் தட்டில், பட்டுக்கு மேலே, தேங்காய்க்குப் பக்கத்தில், குங்குமம் வைத்த அந்தச் சாவி. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"இது மாமன் சீரு. இந்த வீடு எம் மருமகளுக்கு."

யாரோ கை தட்டினார்கள். டாக்டர் அம்மா ஊசியை எடுத்தார். பாப்பா அலறினாள். அவள் அழுததில் என் அழுகை யாருக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு எல்லாரும் போன பிறகு என் வீட்டுக்காரர் மெதுவாக ஆரம்பித்தார். லாயர் ஒருவரை வைத்து எழுதி வைத்துக்கொள்ளலாமா, அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்றார். எனக்கு வந்ததே கோபம். சீர்த்தட்டில் வைத்ததற்குப் பத்திரம் கேட்கிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது, தாய்மாமனிடம் கையெழுத்துக் கேட்டால் எங்கள் வீட்டில் காறித் துப்புவார்கள் என்று பொரிந்து தள்ளினேன். மனிதர் வாயை மூடிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் பிறந்த எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்திருப்பாள். சீரைக் கேட்டு வாங்குவது என்பது பிறந்த வீட்டையே சந்தைக்குக் கொண்டுவருவது.

அதற்குப் பிறகு அந்த மோட்டல் எனக்கு வேலை பார்க்கிற இடமாக இல்லை. என் மகளின் வீடு அது. வாசலில் ரோஜாவும் கறிவேப்பிலையும் வைத்தேன். கறிவேப்பிலை டெக்ஸஸ் குளிரில் ஒவ்வொரு வருஷமும் பட்டுப்போகும், நானும் விடாமல் வைப்பேன். கதவுகளுக்கு நாங்களே பெயின்ட் அடித்தோம். என் வீட்டுக்காரருக்குப் பிளானோவில் நல்ல வேலை ஒன்று வந்தது. வீட்டை விட்டு எங்கே போவது என்று வேண்டாமென்று சொல்லிவிட்டோம். பூட்டெல்லாம் கார்டுக்கு மாறியபின், எதற்கும் உதவாத அந்தச் சாவியைச் சாமி அலமாரியில் வைத்தேன்.

அண்ணன் இதற்குள் வளர்ந்துவிட்டார். இரண்டாவது, மூன்றாவது என்று ஆரம்பித்து, பிறகு எண்ணுவதை விட்டுவிட்டோம். ஒவ்வொரு திறப்பு விழாவுக்கும் எனக்கு முதல் அழைப்பு. பட்டுப்புடவை வரும், கூட்டிப்போகக் கார் வரும். பெரிய மனிதர்கள், மேயர்கள் எல்லாம் நிற்பார்கள். குத்துவிளக்கை நான்தான் ஏற்ற வேண்டும். தங்கை கை பட்டால்தான் விளங்கும் என்பார். நானும் நெருப்புக்குச்சியைக் கிழித்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் காலை முன்னறிவிப்பு இல்லாமல் மோட்டலுக்கு வந்தார். காபி கொடுத்தேன். பாப்பா எந்த வகுப்பு, மாத்ஸ் எப்படிப் போகிறது என்று விசாரித்தார். கறிவேப்பிலைச் செடியைப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை பிழைத்துக்கொள்ளும் போலிருக்கிறதே என்றார். பிறகுதான் சொன்னார். ஃப்ரீவேயை அகலப்படுத்துகிறார்கள், லாரிகள் நிற்கிற பெரிய பெட்ரோல் ஸ்டேஷன்காரர்கள் இந்த இடத்தைக் கேட்கிறார்கள், கொடுத்தாயிற்று, கட்டடத்தை இடிப்பார்கள், மாப்ளைக்குக் காப்பெல் பக்கம் நம் ஹோட்டல் ஒன்றிலேயே மேனேஜர் வேலை இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில், மழை வரும்போலிருக்கிறது என்கிற மாதிரி சொன்னார்.

நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போது சாவியைப் பற்றிச் சொல்வார், இதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். கதவு திறந்திருந்த சாமி அலமாரி அவர் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. அவர் காபியைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார், அதுவும் அவர் பழக்கம். கார் வரைக்கும் போனேன். கண்ணாடியை இறக்கி, பார்த்து இரு அம்மிணி என்றார். நான் தலையாட்டினேன்.

என் வீட்டுக்காரர் அந்த மேனேஜர் வேலைக்குப் போகவில்லை. பழைய சாஃப்ட்வேர் வேலைக்கே, தன்னைவிடச் சின்னப் பையன்களுக்குக் கீழே போய்ச் சேர்ந்தார். காப்பெல்லில் ஒரு அப்பார்ட்மென்ட். மோட்டலை இடித்தபோது நாங்கள் பார்க்கப் போகவில்லை. பிறகு ஒருமுறை ஹூஸ்டன் போகும் வழியில் அந்த எக்ஸிட்டைத் தாண்டும்போது, நான் போனைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

கேட்டவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னேன். காது குத்துக்கு வந்த பெண்கள் விடுவார்களா, சாவி கொடுத்தாரே என்று வாயைக் கிளறுவார்கள். அண்ணன் மறந்துவிட்டார் என்பேன். அத்தனை ஹோட்டல், அத்தனை ஊர், எத்தனையைத்தான் ஒரு மனிதர் தலையில் வைத்துக்கொள்வார், பாவம் என்பேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன் என்று எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் எனக்கும் ஒரு காரணம் இருந்தது. மோட்டலில் இருந்த காலத்தில் ஒரு குளிர்காலம், மழை விழுந்து விழுந்தபடியே ஐஸாகி, ஊர் முழுக்கக் கரன்ட் போய்விட்டது. ரோட்டில் ஒரு வண்டி இல்லை. பாப்பாவுக்கு அப்போது வீஸிங் இருந்தது. மூச்சு இழுத்தால் மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கிற மெஷின் வைக்க வேண்டும், மெஷினுக்குக் கரன்ட் வேண்டும். போன் லைனும் போய்விட்டது. அவளை நெஞ்சோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு, அவள் விடுகிற ஒவ்வொரு மூச்சையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடிந்து வெளிச்சம் வந்த பிறகு பார்க்கிங்கில் ஒரு பிக்கப் டிரக் வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. அண்ணன் இறங்கினார். பின்னால் ஒரு ஜெனரேட்டர். ஹூஸ்டனிலிருந்து அந்த ஐஸில் ஓட்டி வந்திருக்கிறார். நாங்கள் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கை விறைத்துப்போய் அவரால் ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து இழுக்க முடியவில்லை, என் வீட்டுக்காரர்தான் இழுத்தார்.

"கண்ணுக்கு மிஷினு வெக்கோணுமல்ல, கரன்டு இல்லீனா என்ன பண்ணுவீங்கன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான் சொன்னார். அந்த மெஷினைப் பற்றி நான் அவரிடம் எப்போதோ ஒரே ஒரு தடவை சொல்லியிருப்பேன்.

இப்படி வந்த மனிதர் தெரிந்தே என் மகளின் வீட்டை விற்பாரா? மாட்டார். விற்றார். இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்துவைக்க எனக்குக் கிடைத்த ஒரே வழி, அவர் மறந்துவிட்டார் என்பதுதான். எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிறவர் இந்த ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். வெளுத்ததெல்லாம் பால் என்று இருக்கிறவளுக்கு அது போதும். ஒரு தடவை என் வீட்டுக்காரர், பேப்பர் படித்துக்கொண்டே, "அந்த மனுஷனா மறப்பாரு?" என்றார். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அந்த நம்பிக்கையில்தான் மோட்டல் போன பிறகும் அவர் திறந்த ஹோட்டல்களுக்கெல்லாம் போய் விளக்கேற்றினேன். என் மகள் பெரியவளான பிறகு ஒருமுறை, "ஒய் டு யூ ஸ்டில் கோ, அம்மா?" என்று கேட்டாள். அண்ணன் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா என்றேன். அவள் காதில் அந்தப் பச்சைக்கல் தோடுதான் இருந்தது.

போன வசந்தத்தில், மகள் ஆஸ்டினில் காலேஜில் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை அவர் போன் செய்தார். நான் காப்பெல்லில் இந்தியன் கடை வாசலில், வாங்கிய சாமான்களைக் கார் டிக்கியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். முழங்கால் எப்படி இருக்கிறது என்றார். எந்த முழங்கால் என்பதையும் அவரே சொன்னார், இடது. மாப்ளைக்குச் சர்க்கரை குறைந்ததா என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார். சுகர் லேண்டில் புது ஹெட் ஆபீஸ் கட்டியிருக்கிறார்களாம். லாபியில் கண்ணாடிப் பெட்டி வைத்து, முதல் மோட்டலின் ஞாபகமாக ஏதாவது வைக்க வேண்டுமாம்.

"அந்தச் சாவி உங்கிட்டத்தான இருக்குது? பாப்பா காதுகுத்துல பட்டுப் பாவாடை மேல, தேங்காய்க்குப் பக்கத்துல வெச்சேனல்ல. பச்சை வில்லை. நீ கீழ போட்டு ஓரம் ஒடஞ்சிருக்கும். 'இந்த வீடு எம் மருமகளுக்கு'ன்னு சொல்லி வெச்சேன் பாரு, அது."

என் கையில் ஒரு அரிசிப் பை இருந்தது. அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்ப உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களாண்ணா?"

அவர் சிரித்தார். "எனக்கு எது அம்மிணி மறந்துது?"

பையைத் தரையிலேயே வைத்துவிட்டேன். கடை வாசலில் ஒரு குழந்தை தள்ளுவண்டியில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். சிரிப்பை நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சீர்த்தட்டுல வெக்கறதெல்லாம் ஒரு மங்களத்துக்குத்தான. உனக்குத் தெரியாததா? மனசுல ஏதாச்சும் இருந்திருந்தா நீ அன்னிக்கே கேட்டிருப்பியே." பிறகு ரொம்பப் பாசமாகச் சொன்னார். "ஆனா நீ கேக்கற ஆளு இல்ல. அது எனக்குத் தெரியும்."

அவருக்குத் தெரியும். லாரி டிரைவருக்கு இறகு ஆகாது, பாப்பாவுக்கு மெஷின் வேண்டும், எனக்குக் கேட்கத் தெரியாது. எல்லாம் ஒரே தலைக்குள், ஒரே வரிசையில், பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கிறது. காபி குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்த அன்றும் இருந்திருக்கிறது. தலகாணியை ஞாபகம் வைத்திருந்தால் ஆள் தானாக வருவான் என்றாரே, நானும் அப்படித்தான் விளக்கேற்ற வந்துகொண்டிருந்திருக்கிறேன். நான் என்னவோ அவருக்காக ஊர் முழுக்க மறதியைச் சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர்மேல் எனக்கு வந்த முதல் கோபம் அது, வரும்போது மொத்தமாக வந்தது. ஆனாலும் வாயிலிருந்து 'ங்க' போகவில்லை.

"சாவி இருக்குதுங்கண்ணா. பத்திரமா இருக்குது. ஆனா அது என்னுது இல்லீங்களே. நீங்க உங்க மருமகளுக்குக் குடுத்தது. அவகிட்டக் கேட்டு வாங்கிக்குங்க. நம்பர் அனுப்பறேன்."

எதிர்ப்பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது. பின்னால் யாரோ அவரிடம் ஏதோ கேட்பதும், அவர் பதில் சொல்லாததும் கேட்டது. வெச்சரட்டுமா என்று கேட்பார் என்று, பழக்கதோஷத்தில், 'வைங்கண்ணா' என்பதை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கேட்கவில்லை. போன் கட்டாகிவிட்டது.

நம்பரை அனுப்பினேன். மகளிடமும் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டால் கொடுத்துவிடு, உன் இஷ்டம் என்றேன். வாரா வாரம் அவள் போன் செய்யும்போது கேட்டுக்கொண்டிருந்தேன். "ஹி ஹேஸன்ட் கால்ட், அம்மா," என்பாள். கடைசியில், இனிமேல் கேட்காதே என்று அவளே சொல்லிவிட்டாள்.

ஹெட் ஆபீஸ் திறப்பு விழாவுக்கு எனக்குப் புடவை வரவில்லை. விளக்கை வேறு யாரோ ஏற்றினார்கள். போய்வந்த சங்கத்துப் பெண் ஒருத்தி வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பியிருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அவர் பட்டு வேட்டியில் நிற்கிறார், பக்கத்தில் கோட்டு போட்ட ஆட்கள். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டிக்குள் வெல்வெட் துணிமேல் ஒரு பித்தளைச் சாவி, பச்சை வில்லையோடு. புதிதாகச் செய்து, பழசு மாதிரி தேய்த்திருக்கிறார்கள். எங்கள் முதல் வீட்டுச் சாவி என்று கீழே எழுதியிருந்தது. வில்லையின் ஓரம் உடையாமல் முழுசாக இருந்தது. உடைந்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவரை விட்டால் அது தெரிந்தவள் நான்தான்.